பொது அப்பா

உயிரோடு இருக்கிற மனிதரின் படத்தைச் சுவரில் மாட்டக் கூடாது என்பது திண்டுக்கல் பக்கத்தில் யாரும் போடாமலே நடந்துவந்த சட்டம். சுவரில் ஏற வேண்டுமானால் ஆள் முதலில் காட்டுக்குப் போயிருக்க வேண்டும். போன பிறகு கறுப்பு வெள்ளையில் ஒரு படம், கண்ணாடிமேல் குங்குமப் பொட்டு, அமாவாசைக்கு அமாவாசை சூடம். அதனால்தான் ஒட்டன்சத்திரத்துக் கத்தரிக்காய் வியாபாரி முத்துச்சாமி வந்து நின்று, பொங்கலுக்குத் தன் அப்பாவுக்குக் கொடுக்க அவருடைய படம் ஒன்று வேண்டும் என்றபோது, பெயின்டர் மூக்கையா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "பெரியவரு எப்பத் தவறுனாரு?" என்று துக்கத்தோடு கேட்டான்.

"அட ஏனுங்க நீங்க! அவரு கல்லாட்டம் இருக்கறாருங்க. காலையில ஆறு இட்டிலி தின்னுப்போட்டுத் தோட்டத்துக்குப் போயிருக்கறாருங்க."

மூக்கையா இருபது வருஷமாகப் பொடி டப்பாவுக்கும் சுருட்டுக் கட்டுக்கும் பூட்டுக் கடைக்கும் லேபிள் எழுதிப் பிழைத்தவன். வேறு வித்தை தெரியாது. ஒருநாள் முழுக்க யோசித்தான். செத்தவருக்குக் கறுப்பு வெள்ளை என்றால் இருக்கிறவருக்கு வர்ணம். எமனே வந்து பார்த்தாலும் சந்தேகப்படாத அளவுக்கு வர்ணம். தேயிலைப் பெட்டிப் பலகையை எடுத்தான். முகத்துக்கு ஆரஞ்சு, மீசைக்கு மயில் நீலம், தலையைச் சுற்றிச் சுருட்டுக் கட்டில் இருப்பதுபோல மஞ்சள் கதிர்கள். கன்னத்துக்கு நிழல் போட நேரமில்லை. மனைவி ஜக்கம்மாள் வடை அள்ளும் ஜல்லிக்கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்து, பலகையின்மேல் கவிழ்த்து, ஓட்டைகள் வழியாகச் சிவப்பைத் தட்டிவிட்டாள். கிட்டே பார்த்தால் வெறும் புள்ளி. பத்தடி தள்ளி நின்றால் வெயிலில் நடந்து வந்த மனிதனின் கன்னம். அடியில் மூக்கையா கைப்பழக்கத்தில் எழுதினான்: "அசல் அப்பா. போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்."

முத்துச்சாமியின் அப்பா முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். பிறகு எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தையை மூன்று சுற்றுச் சுற்றினாராம். அதற்கப்புறம் பழனியிலிருந்து, ஆயக்குடியிலிருந்து, ரெட்டியார்சத்திரத்திலிருந்து பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். கொய்யாத் தோப்புக்காரருக்குத் தலைப்பாகையில் கொய்யா, பஞ்சாமிர்தக்காரருக்கு மீசை நுனியில் ஒரு ஈ. மூக்கையா வரைய, ஜக்கம்மாள் வர்ணம் சேர்த்துப் புள்ளி வைக்க, அவள் தம்பி நாச்சிமுத்து பலகை அறுக்க, வீடே பட்டறையாயிற்று.

அந்த வீட்டிலும் ஓர் அப்பா இருந்தார். பெயர் கருப்பணன். அறுபது வருஷம் மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போட்டவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. பழுத்த பிறகுதான் அறுக்க முடியும், அறுத்தாலும் பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏலே மூக்கையா, ஊரு அப்பன்களையெல்லாம் மத்தாப்பாட்டம் போடுறே. ஒன் அப்பன் ஒருத்தன் இங்கன குத்தவச்சிருக்கேன்ல?" என்றார் கருப்பணன். "நீலம் பச்சையெல்லாம் எப்பவோ போச்சு. மஞ்சளும் செவப்புந்தான் இன்னும் தட்டுப்படுது. அதுவும் போறதுக்குள்ள போட்டுரு அப்பு. நல்லாச் செவப்பாப் போடு."

வேறு எவனாக இருந்தாலும் அன்று மாலையே பலகையை எடுத்திருப்பான். ஆனால் மூக்கையாவுக்குள் இன்னொரு ஆசை புகுந்திருந்தது. பொருட்காட்சியில் கைவண்ணக் கலை ஊக்குவிப்பு வாரியத்தின் கடையில் அவன் ஒரு மண் யானையைப் பார்த்தான். யானைக்குத் தும்பிக்கை பாதிதான் இருந்தது. ஆனால் அடிவயிற்றில் ஊதா மையில் வட்டமாக ஒரு சர்க்கார் முத்திரை இருந்தது. அந்த வட்டம் அவன் கண்ணைவிட்டு அகலவில்லை. 'நாமும் இருபது வருஷமாக லேபிளுக்கு லேபிள் அசல், அசல் என்று எழுதுகிறோம், நம்மை அசல் என்று ஒருவரும் சொல்லவில்லையே' என்று தோன்றிவிட்டது.

"செத்தப் பொறுங்கய்யா. சர்க்கார் அங்கீகாரம் வரட்டும். முத்திரை விழுந்த மொதப் படம் ஒங்களுக்குத்தான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு விண்ணப்பம் எழுதிப் போட்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாவது ஒரு தடவைதான் ஊதினான். மூக்கையா மூன்று நகல் எடுத்து ஊதினான்.

வாரியத்தின் வட்டார அலுவலர் மரியசெல்வம் பஸ்ஸில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். கோபமே வராது. எதைக் கேட்டாலும் சிரித்த முகத்தோடு விதிப் புத்தகத்தைப் புரட்டுவார். பட்டறையைச் சுற்றிப் பார்த்தார், மோர் குடித்தார், பிறகு சொன்னார்:

"கலை உயர்ந்தது. ஆனால் ஒரு குடும்பத்தை வாரியம் அங்கீகரிக்க இயலாது. குடும்பம் என்பது தற்செயலாகச் சேர்ந்த கூட்டம். சங்கம் என்பது தீர்மானம் போட்டுச் சேர்ந்த கூட்டம். நீங்கள் சங்கமாகிவிடுங்கள். ஏழு பேர் போதும். தலைவராக மூத்தவர், மதிப்புக்குரியவர் ஒருவரை வையுங்கள்."

மூக்கையா, ஜக்கம்மாள், நாச்சிமுத்து, அவன் பெண்டாட்டி பழனியம்மாள், மூக்கையாவின் மகள், கல்யாணத்துக்கு நிற்கும் சின்னக்கண்ணு, பக்கத்து வீட்டுத் தையல்காரி ரோசலின். ஆறு பேர் ஆயிற்று. ஏழாவதாக யார் என்ற கேள்விக்கு மூக்கையாவின் நெஞ்சு விம்மியது. தன் அப்பாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியுமா? கருப்பணனைத் தலைவராக முன்மொழிந்தான். நாச்சிமுத்து வழிமொழிந்தான். கிழவர் தடவிப் பார்த்துக் கைநாட்டு வைத்தார். மூக்கையா செயலாளர் ஆனான். ஜக்கம்மாள் உறுப்பினர் எண் இரண்டு ஆனாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கூட்டம் போடாமல் எதுவும் நடக்கவில்லை. மீசைக்கு எந்த நீலம் என்பதற்குத் தீர்மானம், தூரிகை கழுவுவதற்குத் தீர்மானம். மூக்கையா மாட்டுக் கழுத்து மணி ஒன்றை வாங்கி வந்து ஆட்டுவான்.

"உறுப்பினர் எண் இரண்டு தம் கருத்தைத் தெரிவிக்கலாம்" என்பான் செயலாளர் குரலில்.

"உறுப்பினர் எண் ரெண்டு அடுப்புல சோத்தை வச்சிட்டு வந்திருக்கா" என்பாள் ஜக்கம்மாள். "இன்னொரு வாட்டி அந்த மணிய ஆட்டுனீக, இன்னிக்கு ஒங்களுக்குச் சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் கெடையாது. அதையும் எழுதிக்கங்க."

அவன் அதையும் எழுதிக்கொண்டான். 'வெஞ்சனம் குறித்த பொருள் ஒத்திவைக்கப்பட்டது.'

சங்கம் பதிவான மறுவாரம் தலைவர் கேட்டார்: "இப்பப் போடலாம்ல?" மூக்கையா மரியசெல்வத்திடம் கேட்டான். மரியசெல்வம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விதி பதினான்கு: சங்கத்தின் தலைவர், பதவியில் இருக்கும் காலத்தில், சங்கத்தின் உற்பத்திப் பொருளை எவ்வகையிலும் பெறக் கூடாது.

"எங்கய்யாவுக்குத்தாங்க ஆசைப்பட்டே ஆரம்பிச்சேன்" என்றான் மூக்கையா.

"அதைத்தான் விதி தடுக்கிறது. தலைவரே அனுபவித்தால் மக்கள் என்ன நினைப்பார்கள்? எங்கள் வாரியத் தலைவரை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை ஒரு மண் பொம்மைகூட அவர் வீட்டுக்குப் போனதில்லை. பொம்மை என்றாலே அவருக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம்."

"அப்ப அவரு ராஜினாமா பண்ணிரட்டுங்க."

"தாராளமாக. தலைவர் தம் ராஜினாமாவைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். தலைவர் அதை விசாரிக்க வேண்டும். ஒரு வருஷம் முடிந்தபிறகு."

இப்படியாக, சுற்று வட்டாரத்தில் படம் பெறத் தகுதியில்லாத ஒரே அப்பா என்ற இடத்துக்குத் தன் அப்பாவை மூக்கையா சொந்த முயற்சியால் உயர்த்தியிருந்தான்.

அடுத்து ஜல்லிக்கரண்டி. அது கையா, இயந்திரமா என்று மரியசெல்வத்துக்கு ஐயம் வந்தது. கரண்டியைத் துணியில் பொதிந்து, அரக்கு வைத்து, சென்னைக்கு அனுப்பினார். அந்தத் தீபாவளிக்கு அந்த வீட்டில் வடை இல்லை. பதில் வந்தது: ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதால் கரண்டி இயந்திரத் தன்மை உடையது, கைவினைக்கு ஆகாது. கரண்டியும் காம்பில் ஒரு சீட்டு தொங்கத் திரும்பி வந்தது. ஜக்கம்மாள் ஒரு கன்னத்துக்கு எண்ணூறு புள்ளி வீதம் ஈர்க்குச்சியால் வைத்தாள். மரியசெல்வம் வந்து மாதிரிக்கு ஒரு கன்னத்தை எண்ணிப் பார்த்தார்.

கரண்டியோடு இன்னொன்றும் வந்தது. ஒரு முகம். சென்னையில் வல்லுநர் குழு ஒன்று ஆறு மாதம் உட்கார்ந்து தயாரித்த மாதிரி அப்பா. மீசை இரண்டங்குலம், நரை முப்பது சதவிகிதம், சிரிப்பு மிதமானது. இனி எல்லாப் பலகையிலும் இந்த முகம்தான்.

மூக்கையா அந்த முகத்தைத் திருப்பி வைத்தான். "பிள்ளைக அவுகவுக அப்பாவக் கேட்டுல்லங்க வாராக?"

"வரட்டும். ஆனால் தனித்தனி அப்பாவை அரசு எப்படி ஊக்குவிக்கும்? ஒருவர் அப்பாவை ஊக்குவித்தால் இன்னொருவர் அப்பா மனம் புண்படாதா? பொது அப்பாவைத்தான் ஊக்குவிக்க முடியும்" என்றார் மரியசெல்வம். சொல்லும்போது அவர் கண் பனித்தது. அவர் அதை மெய்யாகவே நம்பினார்.

இந்த இடத்திலாவது மூக்கையா விழித்துக்கொண்டிருக்கலாம். விழிக்கவில்லை. அங்கீகாரம் தை மாதம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொது அப்பாவை வரைந்தான். ஒருவரையே திரும்பத் திரும்ப வரைந்ததில் கை ரொம்பத் தேறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வரைவான். அதில் ஒருநாள் அவனுக்குப் பெருமைகூட வந்தது. பெருமைப்பட்டதை நினைத்து அன்றிரவு சோறு இறங்கவில்லை.

ரெட்டியார்சத்திரத்தில் பூந்தோட்டம் வைத்திருந்த ஆண்டிச்சாமி பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். அன்று மரியசெல்வமும் இருந்தார்.

"மூக்கையாண்ணே, எங்கய்யாவுக்கு ஒரு காதுதாண்ணே. சின்ன வயசுல மாடு குத்திருச்சு. இதுல ரெண்டு இருக்கு. யாருண்ணே இந்த ஆளு?"

"வாரியம் கூடுதலாக ஒரு காது வழங்கியிருக்கிறது" என்றார் மரியசெல்வம். "இதைக் குறையாகச் சொல்லலாமா?"

ஆண்டிச்சாமி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பலகையைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போனான். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கார்த்திகை முடிவதற்குள் பதினேழு பொது அப்பாக்கள் கூடத்துச் சுவரோரம் வரிசையாக நின்று மிதமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கருப்பணன் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும்போது அவர்கள்மேல் இடித்துக்கொண்டார். "யாருலே இவன்? வீடு நெறைய நிக்கிறான்?" என்று ஒரு பலகையைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏலே, கதிரு மஞ்சளாத்தானே போடுவீக? வெளுப்பாத் தெரியுது. மஞ்சளும் போயிருச்சுலே."

ஜக்கம்மாள் கணவனைச் சமையற்கட்டுக்குள் இழுத்தாள். வீட்டில் சங்க அலுவலகமாக ஆகாத இடம் அது ஒன்றுதான்.

"செவப்பு ஒண்ணுதான் பாக்கி. அதுவும் போனப்பறம் யாருக்குப் போட்டுக் குடுப்பீக? போடப் போறீகளா, இல்லையா?"

"பலகைக்குப் பலகை நம்பர் குத்தியிருக்கு ஜக்கு. புதுப் பலகை ஒண்ணு கொறஞ்சாலும் கேப்பாக. தை மாசம் அங்கீகாரம் வருது. இந்த நேரத்துல..."

"இம்புட்டு வருசமா லேபிளு எழுதுனீகளே, நீங்களே ஒரு லேபிளா ஆயிட்டீக. டப்பாவுக்குள்ள ஒண்ணுமில்ல" என்றாள் அவள்.

அவள் சொன்னது சரி என்று மூக்கையாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவன் பலகையை எடுக்கவில்லை. தன் அப்பாவின் கண்ணைவிட ஒரு வட்டம் தனக்குப் பெரிதாகப் போய்விட்டதே என்று அடுப்படியில் நின்று வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுவிட்டு, கூட்டத்துக்கு நேரமாயிற்று என்று மணியை எடுத்துக்கொண்டு போனான்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் மரியசெல்வம் வந்தார். திரும்பி வந்த பதினேழு பலகைகளுக்கும் கணக்கு முடிக்க வேண்டும். விதி முப்பத்தொன்றை எழுந்து நின்று வாசித்தார்: "நிராகரிக்கப்பட்ட பொருள்கள் யாவும், சங்கத் தலைவர் முன்னிலையில், வாரிய அலுவலர் மேற்பார்வையில், மூல உருவம் சிறிதும் தெரியாதவாறு முழுப் பரப்பிலும் வர்ணம் பூசி அழிக்கப்பட வேண்டும்."

ஏழு உறுப்பினர்களும் கூடினார்கள். தலைவர் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டார். வாசல் வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. மூக்கையா நடவடிக்கைக் குறிப்பை மடியில் விரித்துக்கொண்டான். நாச்சிமுத்து தார்க் கறுப்பை வாரிப் பூசினான். மாதிரி அப்பா ஒவ்வொருவராக இருட்டில் மறைந்தார். மரியசெல்வம் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு சான்றிதழில் எண் எழுதி, முத்திரை குத்தினார். பதினாறு முடிந்தது.

பதினேழாவது பலகையை ஜக்கம்மாள் எடுத்தாள்.

"இத நான் அழிக்கிறேங்க. ரொம்ப நாளா ஆசை."

"தாராளமாக" என்றார் மரியசெல்வம்.

அவள் பலகையைத் தலைவருக்கு எதிரே சாத்தி, சிவப்பு டப்பாவைத் திறந்தாள். "மாமா, செத்த நேரம் அசையாம இருங்க. தலைவர் முன்னாலதான் அழிக்கணுமாம். நான் ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே அழிக்கிறேன்."

முதலில் வல்லுநர் குழுவின் சிரிப்பு போயிற்று. அந்த இடத்தில் பல்லில்லாத வாய் ஒன்று கோணிக்கொண்டு வந்தது. இரண்டங்குல மீசை போயிற்று. அரம் தெறித்து வெட்டிய தழும்பு தாடையில் ஏறியது. மேலே, கீழே, ஓரத்தில் எல்லாம் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மங்கியும் சிவப்பு. கதிர் இருந்த இடத்தில் தலையைச் சுற்றி மாங்காய்ப் பூட்டுச் சாவிகள், அவையும் சிவப்பு. பிறகு சீட்டுத் தொங்கும் ஜல்லிக்கரண்டியை எடுத்தாள்.

மரியசெல்வம் நிமிர்ந்தார். "அது இயந்திரம் ஆயிற்றே!"

"செய்யத்தானே எந்திரம் ஆகாது? அழிக்க ஆகாதுன்னு பொஸ்தகத்துல இருக்கா?" என்றாள் ரோசலின், தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலை நிமிராமல்.

மரியசெல்வம் புரட்டினார். முன்னட்டையிலிருந்து பின்னட்டைவரை புரட்டினார். இல்லை. கரண்டி கன்னத்தில் கவிழ்ந்தது. டொக், டொக், டொக்.

மூக்கையா எழுதிக்கொண்டிருந்தான். 'பலகை எண் பதினேழு, உறுப்பினர் எண் இரண்டால் அழிக்கப்பட்டு வருகிறது' என்று எழுதி நிமிர்ந்தவன், என்ன அழிகிறது, என்ன வருகிறது என்று அப்போதுதான் பார்த்தான். பேனா நின்றது. அடியில் பொது அப்பாவின் தோள் இன்னும் ஓர் ஓரத்தில் தெரிந்தது.

"இந்தாருங்க, அந்த மூலையில மூல உருவம் தெரியுது" என்றாள் ஜக்கம்மாள், அவனைப் பார்க்காமல். "அழிக்க ஆளு வேணும்."

அவன் குறிப்பேட்டை மூடினான். மடியிலிருந்த மணி கீழே உருண்டு ஒலித்தது. தூரிகையை எடுத்து, முட்டிபோட்டு, அந்தத் தோளைக் கறுப்பால் மூடி, அதன்மேல் சிவப்பில் கொட்டை எழுத்தில் எழுதினான்: "அசல் கருப்பணன். போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்." இருபது வருஷத்தில் அவன் எழுதிய லேபிள்களில் கோணலாகப் போனது அது ஒன்றுதான்.

மரியசெல்வம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பலகையருகே குனிந்தார். மூல உருவத்தைத் தேடினார். பலகையைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"வாரியத்தின் அப்பா எங்கும் தெரியவில்லை" என்றார் கடைசியில். "அழிவு திருப்திகரம்."

சான்றிதழில் எண் பதினேழு என்று எழுதி, பலகையின் முதுகில் பசை தடவி ஒட்டி, முத்திரையைக் குத்தினார். பதினாறுக்குக் குத்தியதைவிட இதற்குச் சற்று அழுத்திக் குத்தினார். நேராகப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கருப்பணன் பலகையை வாங்கி மூக்கு படுகிற தூரத்தில் வைத்துக்கொண்டார். ஈரச் சிவப்பு மூக்கில் ஒட்டியது. ஓரத்திலிருந்து ஓரத்துக்கு முகத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். தாடைத் தழும்பு வந்ததும் நின்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. புரையாலோ என்னவோ.

"நாந்தான்லே" என்றார். "செவசெவன்னு இருக்கேன்."

பிறகு பலகையின் முதுகைத் தடவினார். "இது என்னது, காயிதம்?"

மூக்கையா படித்துக் காட்டினான்: "மேற்கண்ட பொருள் முற்றிலும் அழிக்கப்பட்டது. இனி இது சங்கத்தின் உற்பத்திப் பொருள் அல்ல, எந்தப் பயனுக்கும் உதவாது. வட்டார அலுவலர், முத்திரை."

கிழவர் இருமல் வரும்வரை சிரித்தார். "எந்தப் பயனுக்கும் ஒதவாதுன்னு சர்க்காரே எழுதிக் குடுத்துருச்சா? இத நான் முப்பது வருசமா ஒன்னியப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்கேன். எவன் கேட்டான்?"

ஜக்கம்மாள் கரண்டியைக் கழுவப் போனாள். அன்று வடை சுடுவதாக இருந்தாள், தீர்மானம் இல்லாமலே.

மூக்கையா பலகையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். வட்டமாக, ஊதாவாக, மை காயாமல் அது இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தான், விரலில் ஒட்டியது. முத்திரை விழுந்த முதல் படம் அய்யாவுக்குத்தான் என்று சொல்லியிருந்தான். மற்றப் பதினாறும் வெறும் கறுப்புப் பலகைகள்; சொன்னபடியே ஆயிற்று. அவன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சுவரில் ஆணி அடிக்கச் சுத்தியலைத் தேடினான்.